செங்கம்மாளின் ஜன்னல் சீட்டு

செங்கல்பட்டு
14.9.2001

அன்பு மகள் ஜாக்குலினுக்கு,

ஞாயிறுதோறும் போனில் பேசிவிட்டு இப்போது கடிதம் வேறா என்று நீ சலித்துக்கொண்டால் அம்மாவை மன்னித்துவிடு. வாடகை வீட்டின் சொந்தக்காரர் போனில்தான் நான் பேச வேண்டும், பேசும்போது அவர்கள் எல்லோரும் டிவியை நிறுத்திவிட்டு என் வாயையே பார்க்கிறார்கள், நலம் நலம் என்பதைத் தவிர வேறு வார்த்தை வருவதில்லை. நிஜமாகவே நலம்தான், கர்த்தர் நடத்துகிறார், நாகர்கோவிலில் நீயும் உன்னோடு நர்சிங் படிக்கிற பிள்ளைகளும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். அப்பாவுக்குச் சிறுசேரியில் கட்டட வேலை இன்னும் ஆறு மாதம் இருக்கிறதாம், திரும்பி வரும்போது தலையெல்லாம் சிமெண்ட். மாடியில் துணி காயப்போடப் போனால் கொளவாய் ஏரி தெரிகிறது, அப்பா பார்த்துவிட்டு இதில் மீன் உண்டா என்று மட்டும் கேட்டார்.

போன மாதம் உனக்கு ஒரு தாள் அனுப்பினேனே, பதவி உயர்வு வேண்டாம், திருக்கழுக்குன்றத்திலேயே பழைய வேலையில் போடுங்கள் என்று ஆபீசுக்கு எழுதி. இங்கே டைப் அடிக்கக் கொடுத்தால் ஆபீசில் முன்னாலேயே தெரிந்துவிடும் என்றுதான், டைப் அடித்து அங்கிருந்தே அனுப்பச் சொல்லி உன்னிடம் அனுப்பினேன். அதில் கால் வலி என்று காரணம் எழுதியிருந்தேன். காலில் ஒன்றுமில்லை. பதவி உயர்வில் தாம்பரம் ஆபீசுக்குப் போன முதல் நாள் ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஏறி, காலியாக இருந்த ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தேன். எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த முனியம்மா என்கிற பெண், "இன்னாம்மா, புச்சா? எந்திரி எந்திரி, அது செங்கம்மா அக்கா குந்துற எடம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து கதவோரம் போய் நின்றவள்தான், ஐந்து வாரம் தாம்பரம் வரை நின்றுகொண்டே போனேன். வேறு பெட்டிக்குப் போனால் அங்கே யாருடைய சீட்டில் உட்கார்ந்துவிடுவேனோ என்று பயம். நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி, நீ கைக்குழந்தையாக இருந்தபோது தபாலில் படித்து வாங்கிய பி.ஏ., அதை வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

நிற்கிறவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. செங்கம்மாள் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. சீசன் டிக்கெட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாப்பாட்டுக் கூடையின் கைப்பிடியில் கட்டியிருப்பார், தேதி வெளியே தெரியும். போன திங்கட்கிழமை பார்க்கிறேன், முந்தின நாளோடு முடிந்திருக்கிறது. தைரியம் எப்படி வந்ததோ தெரியவில்லை, "அக்கா, உங்க சீசன் நேத்தோட முடிஞ்சிடுச்சு" என்று பெட்டிக்கே கேட்கும்படி சொல்லிவிட்டேன். அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார், ஐயய்யோ என்று கூடையைத் தூக்கிக்கொண்டு, டிக்கெட் எடுத்து அடுத்த வண்டியில் வருவதாகச் சொல்லி சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினார். இறங்கும்போது என்னைப் பார்த்து, "ஏ பொண்ணு, எத்தினி நாளு நின்னுகினே வருவ? என் எடத்துல குந்து. எவளாச்சும் எந்திரின்னா எங்கிட்ட சொல்லு" என்றார். முனியம்மா காலை மடக்கி வழி விட்டாள். மறுநாள் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளாக என்னை இடித்து உட்காரவைத்து, என் படிப்பையும் விசாரித்துவிட்டு, "பி.ஏ. படிச்ச கை பீன்ஸு நாரு எடுக்குமா?" என்று முறத்தை என் மடியில் வைத்ததும் அவள்தான். எடுக்கும் என்றேன். தினமும் எடுக்கிறேன். "நாரு அப்டியே கீது, இன்னா காலேஜும்மா உன்னுது" என்று திட்டு வாங்குகிறேன். ஆபீசிலும் இப்போது ஃபைலில் சந்தேகம் என்றால் எழுந்து போய்க் கேட்டுவிடுகிறேன்.

காலையில் சாப்பிடாமல் வார்டுக்குப் போகாதே. உன் அறைக்குப் புதிதாக வந்த பிள்ளை யாரோடும் பேசுவதில்லை என்றாயே, கர்வம் என்று நினைத்துவிடாதே, சாப்பிடப் போகும்போது அவளையும் கூப்பிடு. அப்பாவின் ஆசீர்வாதமும் என் முத்தங்களும். கர்த்தர் உன் பக்கத்திலேயே இருப்பார்.

உன் அம்மா,
சாராள்

பி.கு.: கேட்க வெட்கப்பட்டு இதைக் கடைசிக்கு வைத்தேன். அந்தத் தாளை டைப் அடிக்காதே, அடித்திருந்தாலும் அனுப்பாதே, கிழித்துவிடு. பத்திரமாக மட்டும் எடுத்து வைத்துவிடாதே, இருக்கிறது என்று தெரிந்தால் தைரியம் குறைந்த ஒரு திங்கட்கிழமை அதை உன்னிடம் திரும்பக் கேட்டுவிடுவேன்.