மூன்றுக்காக யாரும் காத்திருப்பதில்லை

லேயர், மே 11, சனிக்கிழமை

அன்பு மகள் வீப்கேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முனகுகிறது. வெலிங்டனில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் அறை ஜன்னலுக்கு அப்பா நீலம் அடித்துவிட்டார், கடையில் பழைய பச்சை இல்லையாம், வரும்போது நீயே அவரோடு சண்டை போட்டுக்கொள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா இரும்மா, ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப்போற, உனக்கு எதுக்கு இந்த வம்பு" என்றாய். அப்போதே பதில் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், அதனால்தான் வைத்துவிட்டேன். இப்போது நிதானமாகக் கத்துகிறேன், கேள்.

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நிகழ்தகவை எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராயப் பேராசிரியர் லூடர்ஸ் என் வகுப்பைத்தான் எடுத்துக்கொண்டார், உனக்குத் தெரியும். பகடையில் எந்த எண் விழுவது கஷ்டம் என்று கேட்டோம், இருபத்திரண்டு பேரும் ஆறு என்றார்கள். ஆறு விழுந்தால்தான் காய் வெளியே வரும் என்ற ஆட்டத்தை ஆடி வளர்ந்த பிள்ளைகள் வேறென்ன சொல்லும்? ஆளுக்கு நூற்றிருபது தடவை உருட்டிக் கோடு போட்டுப் பார்த்தார்கள், எல்லா எண்ணும் ஏறக்குறைய சமமாகவே வந்தது. மறுபடி கேட்டபோது பதின்மூன்று பேர் மனம் மாறினார்கள், ஒன்பது பேர் அசையவில்லை. அதில் ஒருத்தி டோம்கே, மீன் கடைக்காரரின் கடைசிப் பெண். தன் தாளைப் பார்த்தபடியே, "சமமாத்தான் வருது டீச்சர், ஆனா ஆறுக்காகத்தானே நான் உக்காந்து காத்துக்கிட்டு இருக்கேன், மூணுக்காக யாரு காத்திருக்கா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தைந்து வருடமாக இந்தப் பதிலுக்குச் சிவப்பு மையில் தவறு போட்டிருக்கிறேன், ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று ஒரு பிள்ளையைக்கூடக் கேட்டதில்லை. ஆறு விழுந்த தடவைகளை நான் எண்ணச் சொன்னேன், அவள் ஆறு விழாமல் போன தடவைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்றே ஆட்டத்தின் விதியை மாற்றினேன், இனிமேல் மூன்று விழுந்தால்தான் காய் வெளியே வரும் என்று. இரண்டு வாரம் ஆடவிட்டுக் கேட்டால் பதினான்கு பேர் மூன்றுதான் கஷ்டம் என்கிறார்கள்! "சனியன், வரவே மாட்டேங்குது" என்று ஒருவன் பகடையையே திட்டினான். ஓடிப்போய் லூடர்ஸிடம் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது நம்ம திட்டத்துலயே இல்லையே மேடம், அந்த ரெண்டு வாரத்தை விட்டுடுவோம், அந்த ஒம்பது பேருக்கும் கேள்வி புரியலைன்னு எடுத்துட்டா அட்டவணை சுத்தமா இருக்கும்" என்றார். இருபத்திரண்டில் பதின்மூன்று என்பது பதின்மூன்றுக்குப் பதின்மூன்று ஆகிவிடும், பாடம் நூற்றுக்கு நூறு வெற்றி, அதையே எல்லாப் பள்ளிக்கும் அனுப்புவார்கள். என் வகுப்புப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிற பித்தலாட்டம் இது. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் கட்டுரையில் என் பெயர் வரும், அடுத்த வருடம் வாரத்தில் இரண்டு நாள் பாடம் நடத்தாமல் ஆராய்ச்சி மட்டும் செய்யலாம். நான் எத்தனை வருடமாக ஏங்கியது அது என்று உனக்கே தெரியும்.

போடவில்லை, வீப்கே. நேற்று மறுத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியர், "ஒம்பது பசங்களுக்காக இப்படி ஒரு வாய்ப்பை விடுறீங்களே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த ஒன்பது பேருக்கும் கேள்வி நன்றாகவே புரிந்தது, நமக்குத்தான் பதில் புரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாளும் போயிற்று, பெயரும் போயிற்று, போகட்டும். அப்பா என் கோப்பையில் ஒன்றுக்கு இரண்டாகக் கற்கண்டைப் போட்டுத் தேநீரை ஊற்றி, "இனிமே உன்னோட பகடை ஆட எனக்கே பயமா இருக்கு" என்றார். ஜூனில் ஆவ்ரிச்சில் ஆசிரியர் கூட்டம் இருக்கிறது, இருபத்திரண்டு பேரின் பதிலையும் அங்கே நானே வாசிக்கப்போகிறேன், யார் எழுந்து போனாலும் சரி.

இன்னொன்று. உனக்கு ஆறு வயதில், ஆறு என்னைப் பார்த்து ஒளிந்துகொள்கிறது என்று சமையலறையில் நீ தேம்பினாய். நான் உன்னை அறுபது தடவை உருட்டவைத்து, பார், எல்லாம் சமம்தான், அழாதே என்றேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய், அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தை நீ தொடவே இல்லை. நான் ஜெயித்துவிட்டதாக அன்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்று வெட்கப்படுகிறேன். உன்னை அட்டவணையில் சேர்க்க முடியாது, அதுவும் பித்தலாட்டம்தான். அதனால் ஆவ்ரிச்சில் என் பேச்சின் முதல் வரியாக வைத்திருக்கிறேன்: இதை எனக்கு முதலில் சொன்னவள் என் மகள், அன்று நான் காது கொடுக்கவில்லை.

நீ நன்றாக இரு, எதற்காகக் காத்திருக்கிறாயோ அது உனக்குக் கிடைக்கட்டும். காதை மூடுகிற தொப்பி போடாமல் வெளியே போகாதே, துறைமுகக் காற்று பொல்லாதது. பச்சைப் பெயின்ட் வேண்டுமென்றால் அப்பாவுக்கு நீயே எழுது.

கையெழுத்துப் போடாத உன் அம்மா,
இர்ம்ட்ராவ்ட்