ஒதுக்கி வைத்த அளவுகள்

மேலகரம்
17-7-87

அன்புள்ள அத்தானுக்கு,

சாரல் பிடித்துவிட்டது. ஐந்தருவிப் பக்கம் மலையே தெரியவில்லை. மேகம் நம் மொட்டைமாடி வரை இறங்கி, கொடியில் கிடக்கும் உங்கள் வேட்டியைத் தொட்டுவிட்டுப் போகிறது. நீங்கள் இல்லாவிட்டாலும் சீசனுக்கு ஒருதரம் துவைத்துப் போடுகிறேன்.

அமெரிக்காவில் உட்கார்ந்து நீங்கள் கணக்குப் பார்க்கும் செயற்கைக்கோள் நமக்கு மேலேயும் போகும் என்று அத்தையிடம் சொன்னேன். "அவன் மெஷினுக்கு நம்ம வீடு தெரியுமாட்டி?" என்று அண்ணாந்து பார்த்தார்கள். நானும் கொஞ்ச நேரம் நனைந்துகொண்டு பார்த்தேன்.

ஓசோன் பற்றி நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஃபிரிட்ஜில் அடைக்கிற வாயு அதைத் தின்கிறதாமே. தென்துருவத்துக்கு மேலே ஓசோன் அளவு குறைவதை உங்கள் செயற்கைக்கோளில் இருக்கும் கருவி வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறது. இவ்வளவு குறையாது, கருவிதான் பிசகு என்று அந்த அளவுகளை ஒதுக்கி வைத்துவிட்டீர்கள். பிறகு பார்த்தால் வானத்தில் நிஜமாகவே ஓட்டை.

போன தீபாவளியிலிருந்து நான் எழுதிய எந்தக் கடிதத்திலும் "இங்கு நலம்" என்ற வார்த்தை இல்லை, அத்தான். நீங்களோ ஒவ்வொரு பதிலையும் "உன் நலம் அறிந்து மகிழ்ச்சி" என்றுதான் தொடங்குகிறீர்கள்.

இந்தக் கடிதத்திலும் அது இல்லை. நான் எழுத மறக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருக்கிறவள்