தீவுப் பேச்சில் ஒரு சண்டை

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பேத்தி ஜென்சி வேலை பார்க்கும் கேளம்பாக்கம் கம்பெனியில் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று செய்கிறார்களாம். அதில் ஒரு தீவு. தீவுக்காரர்கள் பேச ஒரு பாஷையை இவளே உண்டாக்கியிருக்கிறாள். பசிபிக் தீவுப் பேச்சு மாதிரியாம். எந்த வார்த்தையும் வாயை மூடவிடாது, எல்லாம் ஆ, ஊ என்றே முடியும். "ஹிவா லேனு?" என்றால் "எந்த அலையில் வந்தாய்?" அங்கே விசாரிப்பு அப்படித்தான்.

கிழவி வேஷத்துக்கு என் குரல் வேண்டுமாம். "உனக்குத்தான் பைபிள் வசனமெல்லாம் மனப்பாடமாச்சே பாட்டி."

படித்தது அஞ்சாவது. ஆனாலும் மத்தியானத்துக்குள் பாதி பாஷை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்னொரு கிழவி யார் தெரியுமா? என் நாத்தனார் ஞானஜோதி! முடிச்சூர் வெள்ளத்தில் வீடு மூழ்கி எங்கள் வீட்டில் வந்து தங்கிவிட்டு, சர்ச் வாசலில் "அண்ணி வூட்டுக் குழம்புல உப்பும் இல்ல, காரமும் இல்ல" என்றவள். அன்றோடு பேச்சை விட்டேன். மறப்பேனா? மறக்கத்தான் ஆண்டவர் ஞாபகசக்தி கொடுத்தாரா?

"நான் வரல" என்றேன்.

"ரெண்டு கிழவிங்க சண்டை பாட்டி அது. உங்கள விட்டா யாரு? நல்லா வரலேன்னா பாஷையே வேணாம், இங்கிலீஷ் போதும்னுட்டார் மேனேஜர்." ஜென்சி கண்ணில் தண்ணீர். இரண்டு வருஷ உழைப்பு.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தீவு பாஷையில் பேசினால் அது அவளோடு பேசினதாகுமா? ஜெபித்துக் கேட்டேன். ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்போ ஆகாது, போகலாம்.

ஆகஸ்ட் 17, சனி

கண்ணாடி அறை. ஆளுக்கொரு மைக். எழுதிக் கொடுத்த திட்டு தீர்ந்தும் நாங்கள் நிறுத்தவில்லை. தெரிந்த வார்த்தைகளைக் கோத்து, "கடலிலேயே உப்பு இருக்கிறது, போய்க் குடி" என்று அவள் மூஞ்சிக்கு நேராகச் சொன்னேன். அவளும் வார்த்தையெல்லாம் நெட்டுரு போட்டுத்தான் வந்திருக்கிறாள் — புரிந்துவிட்டது. முகம் சுருங்கியது. அதே பாஷையில், மெதுவாகச் சொன்னாள்: "உன் கரையில்தான் உயிரோடு ஒதுங்கினேன்."

என் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இது போதும், இதேதான் வேணும்" என்றார் மேனேஜர். ஜென்சி என்னைக் கட்டிக்கொண்டாள். பாஷை பிழைத்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஞானஜோதி போன் பண்ணினாள். சோறு ஆறும்வரை பேசினோம். அவள் "அண்ணி" என்றதைத் தவிர எல்லாம் தீவுப் பேச்சு. நான் தமிழில் ஒரு எழுத்து பேசவில்லை, வைராக்கியம் வைராக்கியம்தான்.

பாதி சேதி சொல்ல முடியாமல் திண்டாடிப்போனோம். முட்டிவலி, மாத்திரை, மருமகள், மூன்றுக்கும் வார்த்தை உண்டாக்க ஜென்சியிடம் சொல்ல வேண்டும். மருமகளுக்குத்தான் அவசரம்.