சூடம் அணைந்த கரைகள்

மதினி, இன்று காலை பீரோவின் அடித்தட்டைத் துடைத்தபோது உங்கள் தகர டப்பா கையில் அகப்பட்டது. திறந்தால் சூடம் இல்லை. கரைந்து காற்றோடு போகாமல் இருக்க நீங்கள் போட்டுவைத்த மிளகு மட்டும் உருண்டது. டப்பாவின் ஓரத்தில் கொஞ்சம் மணல். வாசம் அப்படியே இருந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் இறந்த கார்த்திகையில் விடாத மழை. உங்களுக்குப் பிள்ளை இல்லாததால் பெரியப்பா மகன் அண்ணாச்சிதான் கொள்ளி வைத்தார், அஸ்தியையும் அவர்தான் காரில் கொண்டுபோனார். பெண்கள் போகிற வழக்கம் இல்லை. நாம் வீட்டைக் கழுவிவிட்டுக் காத்திருந்தோம். இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தவர் துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "திருச்செந்தூர் ரோட்டுல ஒடைப்பு. டிரைவர் வேற பாதையில கொண்டுபோயிட்டான். கடல்ல கரைச்சாச்சு."

"எந்த ஊரு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"யாரு கண்டா தாயி. ஒரே மழை. கறுப்புப் பாறையாக் கிடந்துச்சு. செம்மண் மேடு. சூடத்தைக் கொளுத்த விடல, அப்படிக் காத்து. எல்லாம் ஒரே கடல்தானே."

டிரைவர் வெளியூர்க்காரன். அவனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. பதினாறு முடிந்த மறுநாள் உலை வைத்துக்கொண்டே கேட்டீர்கள்: "எல்லாம் ஒரே கடல்னா, எல்லாரும் ஒரே மனுசந்தானே ஏட்டி? பெறகு எதுக்குப் பேரு வச்சுக் கூப்பிடுதோம்?"

அந்தக் கரையைத் தேடுவது அங்கேதான் ஆரம்பித்தது. தெருவுக்கு வரும் கருவாட்டுக்காரியிடம் நீங்கள் கருவாட்டை விட்டுவிட்டுக் கரையை விசாரிப்பீர்கள். "உங்க ஊர்ல காத்து எப்படி?" அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஏன் மதினி, வத்தல் காயப்போட வாரியளா?" என்பாள். பாறை உண்டா, மண் என்ன நிறம், மேடு எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு, எந்தக் கரைக்குப் போவது என்று நாம் இருவரும் வருடம் முழுக்கப் பேசுவோம். ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்த மறுவாரம் புறப்படுவோம். கன்னியாகுமரி வேண்டாம் என்று முதலிலேயே தள்ளிவிட்டீர்கள். அது என்றால் அண்ணாச்சிக்கே பெயர் தெரிந்திருக்குமே.

தெருவில் நம்மை ஊர் சுற்றிகள் என்றார்கள். எதிர்வீட்டுக்காரி ஒருநாள் குழாயடியில் நம் காதுபடவே சொன்னாள்: "குடிக்கத் தண்ணி இல்ல, ரெண்டு பேரும் கடலு பாக்கப் போறாக."

நீங்கள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அந்தத் தண்ணியக் குடிக்கவா போறோம்? பாக்கத்தானே போறோம்" என்றீர்கள். அவளுக்கும் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை.

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். பஸ் போர்டு வாசிப்பதும், கண்டக்டரிடம் வாதாடுவதும் என் வேலை. கட்டுச்சோறும் சூட டப்பாவும் உங்கள் பொறுப்பு. உவரியில் தேரி என்கிற செம்மண் மேடு இருந்தது, அண்ணாச்சி சொன்ன மாதிரிப் பாறை இல்லை. முட்டத்தில் பாறை, செம்மண் மேடு, காற்று எல்லாமே இருந்தன. கடல் பாறையில் மோதி ஆள் உயரத்துக்கு எழுந்து விழுந்ததை நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு அழகான கரையை என் ஆயுளில் கண்டதில்லை. நீங்கள் மட்டும், "அன்னைக்கு மழையில இம்புட்டுத் தூரம் வந்துட்டு இருட்டுறதுக்குள்ள வீடு திரும்ப முடியுமா?" என்று கேட்டீர்கள். ஆனாலும் அண்ணாச்சி சொன்ன காற்றுதானா என்று பார்க்கக் குனிந்து சூடத்தைக் கொளுத்தினீர்கள். அணைந்தது. போன கரை எல்லாவற்றிலும் அணைந்தது.

மணப்பாட்டு மேட்டில்தான் அது முடிந்தது. மேலே சர்ச், கீழே அலை தின்ற பாறை. சேலையைப் பிடித்தபடி ஏறினோம், காற்று நம்மைப் பின்னால் தள்ளியது. மணல் வெள்ளையாகத்தான் இருந்தது. தீக்குச்சி தீரத் தீரக் கொளுத்திப் பார்த்தீர்கள். பிறகு டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"எல்லாக் கரையிலயும் அணையுது. அப்ப உங்க அண்ணன் எல்லாக் கரையிலயும் இருக்காரா, இல்ல எங்கயுமே இல்லையா?"

கட்டுச்சோற்றைப் பிரித்தேன். அதில் மணல் விழுந்தது. மணலோடு சாப்பிட்டோம். கை கழுவி வந்து சொன்னீர்கள்: "தேடுனது போதும் ஏட்டி. நான் போனா என்னைய இங்கன கொண்டாந்து விடுங்க. என் கரைக்காவது ஒரு பேரு இருக்கட்டும். நீயும் கூட வரணும். ஆம்பளைக பேச்சக் கேட்டு வீட்டுல இருந்துராத."

போன பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள். என் மூத்தவன்தான் எல்லாம் செய்தான். அஸ்தி கொண்டுபோக வேன் வந்து நின்றதும் முதல் ஆளாய் ஏறி உட்கார்ந்தேன். அண்ணாச்சி கைத்தடியோடு வந்து எட்டிப் பார்த்தார். "வழக்கம் இல்லையே தாயி, எறங்கு."

"வழக்கத்தப் பாத்துத்தான் அன்னைக்கு வீட்டுல இருந்தோம் அண்ணாச்சி. எங்க அண்ணன எந்தக் கரையில விட்டியன்னு சொல்லுங்க, எறங்கிக்கிடுதேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் அன்னையிலருந்து நெனச்சு நெனச்சுப் பாக்கேன் தாயி. ஞாபகம் வரமாட்டேங்கு" என்றார். அதற்கு மேல் அவரிடம் எனக்குக் கோபம் இருக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டேன். ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மேட்டுக்குத் தெற்கே, நாம் சாப்பிட்ட இடத்துக்குக் கீழே, மூத்தவன் தண்ணீரில் இறங்கினான். நான் முழங்கால்வரை நின்றேன். சூடம் வழக்கம்போல அணைந்தது. இரண்டாவது குச்சியை நான் கிழிக்கவில்லை.

இப்போது கேட்கிறவர்களிடம் கடலில் கரைத்தோம் என்று நான் சொல்வதில்லை. ஊர் பெயரைச் சொல்கிறேன், மேட்டைச் சொல்கிறேன், எந்தப் பக்கம் என்பதையும் சொல்கிறேன். பேத்திக்கும் மனப்பாடம்.

இன்று புதுச் சூடம் வாங்கி அதே மிளகோடு டப்பாவில் போட்டு மூடினேன். தபசுக்குக் கொட்டகை போட ஆரம்பித்துவிட்டார்கள். வெளியே கருவாட்டுக்காரி குரல் கேட்டது. எழுந்து வாசல்வரை போனேன். அவளிடம் கேட்க ஒன்றுமில்லை. இனி எந்தக் கரைக்குப் போகலாம் என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, மதினி. எனக்கு அதுதான் தாங்கவில்லை.