என்னிடம் கேட்காத கேள்விகள்

சூளகிரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

இருளாயி வணக்கத்தோடு எழுதுவது. நானும் நம் பிள்ளை சுப்ரியாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். குஜராத்தில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றீர்கள். உங்களோடு வேலை பார்க்கும் ராஜேஷ்குமார் தம்பி லீவு முடிந்து அங்கே கிளம்புகிறது. அதனிடம் ஸ்வெட்டரும் எள்ளுப்பொடியும் கொடுத்துவிட்டிருக்கிறேன். கூடவே இந்தக் கடிதம். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் பேசும்போதெல்லாம் பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறாள். இது அவள் காதில் விழக் கூடாத விஷயம்.

கம்பெனியில் என்னைப் புது லைனுக்கு மாற்றிவிட்டார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற வேலை, சாயங்காலமானால் கண் எரிகிறது. நைட் ஷிப்ட் வாரத்தில் வீட்டு ஓனர் செல்வம்மாள் அக்காவிடம் சுப்ரியா படுத்துக்கொள்கிறாள். அக்கா ராகிக் களி கிண்டிக் கொடுக்கிறது, நம் பிள்ளையும் சாப்பிடப் பழகிவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் குஜராத் போவதற்கு முன்னால் அவளை அந்த ஓசூர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து இங்கே அரசுப் பள்ளியில் சேர்த்தீர்கள். நான் எவ்வளவு சண்டை போட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். வேனில் டை கட்டிக்கொண்டு போன பிள்ளை, ரோட்டோரமாக நடந்து போகிறதே என்று அழுதேன். ஆனால் அங்கே அவள் காலையில் வாந்தி எடுத்ததும், கேள்வி நம்பரைச் சொன்னால் பதிலை ஒப்பித்துவிட்டு, அதே கேள்வியை மாற்றிக் கேட்டால் முழித்ததும், கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமலே ஒரு வருஷம் உட்கார்ந்திருந்ததும் நிஜம். நீங்கள் செய்தது சரிதான் மாமா. இப்போது வாந்தி இல்லை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து கிளம்பி நிற்கிறாள்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சென்னம்மா டீச்சர் என்று ஒருத்தர். நம் இரண்டு பேரையும்விட மூத்தவர், தேன்கனிக்கோட்டை பக்கம் ஊர். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், சிலர் கன்னடம். எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் சொல்லு, புரிந்ததைச் சொல்லு என்பாராம். பிள்ளைகளைக் காம்பவுண்டு சுவர் ஓரம் நிறுத்தி, பெங்களூர் ரோட்டில் போகிற லாரி நம்பரைப் பார்த்து அது எந்த மாநிலம், எந்த வழியாக வந்திருக்கும், என்ன ஏற்றியிருக்கும் என்று வரைபடத்தில் கண்டுபிடிக்கச் சொல்கிறார். இந்தியா முழுவதையும் அப்படித்தான் படித்தார்கள். குஜராத் லாரி வந்தால் அப்பா ஊர் லாரி என்று நம் பிள்ளை குதிக்கிறாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. செல்வம்மாள் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீட்டில் எதற்கெடுத்தாலும் டீச்சர்தான். டீச்சர் மாதிரி நடு வகிடு எடுத்துவிடு என்கிறாள். டீச்சர் சாப்பிடுகிறார் என்று பாகற்காய் சாப்பிடுகிறாள், நான் எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன்! ஒரு நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றில் இரண்டு பங்கு பெரிசா, நான்கில் மூன்று பங்கு பெரிசா என்று கேட்டாள். நான் கொஞ்சம் யோசித்தேன், அவ்வளவுதான். “பரவால்லம்மா, நான் டீச்சர்ட்ட கேட்டுக்கிறேன்” என்று நோட்டை மூடிவிட்டாள். அந்தப் “பரவால்ல” என் நெஞ்சில் அப்படியே குத்தி நிற்கிறது. அதற்கப்புறம் அவள் என்னிடம் பாடத்தில் எதுவும் கேட்பதில்லை.

போன வாரம் காய்ச்சலில் படுத்தாள். நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். கஞ்சி கொடுத்து நெற்றியில் துணி நனைத்துப் போடுகிறேன், இவள் கண்ணைத் திறந்து, இன்றைக்கு டீச்சர் என்ன நடத்தியிருப்பார்கள் என்று கேட்கிறாள். பெற்றவள் நான் மாமா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த டீச்சரை நான் அதுவரை நேரில் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. பார்க்காத பொம்பளை மேல் இவ்வளவு ஆத்திரம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

காய்ச்சல் விட்டதும் உங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். பழைய பள்ளிக்கூடத்தில் அடுத்த வருஷ அட்மிஷன் இப்போதே ஆரம்பித்துவிட்டது. போன் பண்ணினேன். பிள்ளையைக் கூட்டிவாருங்கள், நாலு கேள்வி கேட்டுப் பார்க்கிறோம் என்றார்கள். சுப்ரியாவிடம் துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். அந்த கேட்டைப் பார்த்ததும் என் கையை விட்டுவிட்டாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. பின்னாலேயே வந்தாள்.

பிரின்ஸ்பல் மேடம் இங்கிலீஷில் உன் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டார். இவள் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தாள். எங்கம்மா போன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், கண்ணுக்கே தெரியாத திருகெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார், தப்பான போன் ஒன்றுகூட வெளியே போகாது என்று இங்கிலீஷும் தமிழும் கலந்து சொல்லிக்கொண்டே போனாள். நான் அவளிடம் வேலையைப் பற்றி என்றைக்கோ சொன்னது அது. மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். முழு வாக்கியமாக, புத்தகத்தில் உள்ளபடி சொல்ல வேண்டும், மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப் என்று சொல்லு என்றார். சுப்ரியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஆனா எங்கம்மா வேலைக்குப் போறாங்களே மிஸ்” என்றாள். மேடம் சிரித்துவிட்டு, முதலில் பதில் சொல்லக் கற்றுக்கொள், எதிர்த்துப் பேசுவதெல்லாம் அப்புறம் என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ கேட்டார்கள். இவள் வாயைத் திறக்கவில்லை. கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். பழைய சுப்ரியா. நான் பெற்று வளர்த்த பிள்ளையை என் கண் முன்னாலேயே யாரோ விளக்கை அணைப்பதுபோல் அணைத்துவிட்ட மாதிரி இருந்தது. எழுந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மேடம் பின்னாலிருந்து கூப்பிட்டார், நான் திரும்பவில்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னால் முடியாமல் கேட்டுவிட்டேன். ஏன்டி, எதையும் என்னிடம் கேட்க மாட்டேன் என்கிறாய், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாதென்றா? ஜன்னலிலிருந்து திரும்பினாள். அப்புறம் சொன்னாள். “அப்டி இல்லம்மா. தெரியலன்னா நீ கோவப்படுற. டீச்சருக்குத் தெரியலன்னா சிரிப்பாங்க, வா கண்டுபிடிக்கலாம்னு சொல்வாங்க.”

ஓசூரிலிருந்து சூளகிரி வரும்வரை அவள் சொன்னதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளே டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டீச்சர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். என்னைக் குறை சொல்லப் போகிறார், நானும் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகிறேன், சத்தம் போட விடுகிறேன் என்று சில பெற்றோர் புகார் கொடுத்திருக்கிறார்கள், வீட்டுப்பாடமே கிடையாதா என்று கேட்கிறார்கள், நீங்களும் அதற்காகத்தான் எடுக்கப் பார்த்தீர்களா என்று கேட்டார். முகம் களைத்திருந்தது. நான் இல்லை என்றேன். பின்னே என்ன காரணம் என்றார். எப்படி வாயில் வந்ததோ, என் பிள்ளை உங்களை என்னைவிட நேசிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர் தண்ணீர் கொடுத்தார். உங்கள் வார லீவில் ஒரு நாள் வந்து வகுப்பில் உட்காருங்கள், நான் என்ன செய்கிறேன் என்று நீங்களே பாருங்கள் என்றார்.

வியாழக்கிழமை போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். ஒரு வாளித் தண்ணீரில் கமலா ஆரஞ்சைப் போட்டார், மிதந்தது. இதைத் தோலை உரித்துப் போட்டால் என்ன ஆகும், போட்டுப் பார்க்கும் முன்னால் ஆளுக்கொரு காரணம் சொல்லுங்கள் என்றார். ஆளுக்கு ஆள் கத்தினார்கள். எனக்கு என்ன வந்ததோ, நானும் கையைத் தூக்கிவிட்டேன். தோல் போனால் கனம் குறையும், இன்னும் நன்றாக மிதக்கும் என்றேன். உரித்துப் போட்டார். முங்கிவிட்டது.

என்னை அறியாமல் கை விரல்களை மடக்கி மறைத்துக்கொண்டேன் மாமா. ஊரில் எங்கள் கணக்கு வாத்தியார் தப்பாகச் சொன்னால் விரல் முட்டியில் ஸ்கேலால் அடிப்பார், பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தி, இருளாயிக்கு மண்டையிலும் இருட்டுதான் என்பார். வகுப்பே சிரிக்கும். பத்தாவதில் கணக்கில் பெயிலாகி, மில்லுக்கு அனுப்பப்பட்டவள் நான். சென்னம்மா டீச்சர், நல்ல காரணம், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், அப்படியானால் ஏன் முங்கியது என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார். தோலில் காத்து இருக்கு என்று ஒரு தெலுங்குப் பையன் சொன்னான். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சுப்ரியா மட்டும் நகர்ந்து வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. நான் பொறாமைப்பட்டது அந்த டீச்சர் மேல் மட்டும் இல்லை. என் பிள்ளை மேலும்தான். எனக்கு இப்படி ஒருத்தர் கிடைக்கவில்லையே என்று. பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்படுகிறவள் உண்டா என்று நீங்கள் நினைக்கலாம். உண்டு. இப்போதும் முழுசாகப் போகவில்லை. அவள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது நானும் ஒரு பையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனால் என்ன என்று தோன்றுகிறது.

வருகிற வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். புகார் கொடுத்தவர்கள் எல்லாரும் வருவார்கள். பார்த்து எழுதுகிற வீட்டுப்பாடம் என் பிள்ளைக்கு வேண்டாம், இந்த டீச்சரை இப்படியே நடத்த விடுங்கள் என்று எழுந்து பேசப் போகிறேன். தப்பாகப் பேசினாலும் பேசத்தான் போகிறேன்.

நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் குளியுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கடைசியாக ஒன்று, கோபப்படக் கூடாது. போனில் சுப்ரியாவிடம் இன்றைக்கு என்ன படித்தாய், யாரோடு விளையாடினாய், என்ன யோசித்தாய் என்று எவ்வளவு நேரம் கேட்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். என் முறை வந்ததும், சாப்பிட்டியா, சரி வைக்கட்டுமா என்கிறீர்கள். அடுத்த முறை அப்படி வைத்துவிடாதீர்கள் மாமா. என்னிடமும் ஏதாவது கேளுங்கள். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்குத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து யோசிக்கலாம்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
இருளாயி