பசை அடுப்பில் போன முத்திரை

கிரனாடா,
மார்ச் 9

அன்புள்ள மிசுவே,

இன்று காலை காபி போடுவதற்கும் முன்னால், முதல் வேலையாக உன் கிதாருக்குத் தந்தி கட்டினேன். என் கைவேலையை நானே புகழ்வது அழகல்ல. ஆனாலும் நீ மூன்று வருடம் காத்திருந்தது வீணில்லை என்று மட்டும் சொல்கிறேன். விரல்மூட்டு வலி எப்படி இருக்கிறது? மே மாதக் கச்சேரியோடு மேடையை விடுவதாக எழுதியிருந்தாய். அதை இரண்டு முறை படித்தேன்.

அந்தக் கச்சேரிக்கு இந்தக் கிதார் வந்து சேருமா என்பதுதான் இப்போது கவலை. இதன் முதுகும் விலாவும் பிரேசில் ஈட்டி மரம். மாமனார் எண்பதுகளில் வாங்கிப் போட்ட பலகை. பிரேசில் காட்டில் இந்த மரம் அருகிப்போனதால், தொண்ணூற்றிரண்டுக்கு முன்பே வந்த மரம் என்று நிரூபித்தால்தான் நாட்டை விட்டு வெளியே அனுப்பச் சான்றிதழ் தருகிறார்கள். பழைய ரசீது எங்காவது இருக்கும் என்று நம்பி வேலையைத் தொடங்கினேன். இல்லை.

பலகை நுனிகளில் வருடத்தோடு முத்திரை இருந்தது. கல்யாணமான புதிதில், நுனியெல்லாம் வெடித்திருக்கிறதே என்று நறுக்கி, பசைச் சட்டி அடுப்பில் போட்டவள் நான்தான். பட்டறை முழுக்க அந்த மரத்தின் ரோஜா வாசனை. மாடியில் குடியிருந்த நீகூட இறங்கி வந்து என்னவென்று கேட்டாய். மாமனார் தன் மகன் லிசார்தோவிடம், "சட்டம் படிச்ச மருமகளுக்கு அடுப்பெரிக்கவும் தெரியுதுடா!" என்று சிரித்தார். ஆதாரத்தை எரிக்கிறோம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சான்றிதழ் அலுவலகத்துப் பெண் நல்லவள். "நான் நம்புறேன்மா. ஆனா என் நம்பிக்கைய ஃபைல்ல கோக்க முடியாதே" என்றாள். அவள்மீது எனக்குக் கோபமில்லை. அந்தக் காட்டுக்காக யாராவது கறாராக இருக்கத்தான் வேண்டும்.

லிசார்தோ வேறு வழி கண்டுபிடித்துவிட்டார். இந்திய ஈட்டியில் செய்த கிதாருக்கு அனுமதி தேவையில்லை. "ஒரே ஒரு வார்த்தைடி. இந்திய ஈட்டின்னு எழுதினா சுங்கத்துல ஒரு ஈ காக்கா கேக்காது. அவனுங்களுக்கு ஈட்டியும் ஒண்ணுதான், எருமைக்கொம்பும் ஒண்ணுதான்" என்கிறார். நான் பேனாவை எடுக்கவில்லை. "என்ன யோசனை? பாதிரியார்கிட்ட பாவமன்னிப்புக்கா போகப்போறே?" என்று கிண்டல் வேறு. படிவத்தை நிரப்பி மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குகிறார். செய்தவள் என்ற இடத்தில் என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பார்சல்காரர் நாளை வருகிறார்.

ஒரு மணிநேரமாக அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அந்தப் பொய்யை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடுவேன். நீ எந்த ஊருக்கு எடுத்துப் போனாலும், சுங்கத்தில் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதை உன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். உனக்குப் பொய் சொல்ல வராது, மிசுவே. வாடகை பாக்கி என்றால் நாங்கள் கேட்கும் முன்பே அழுதுவிடுவாயே.

உன் கிதார் உன்னுடையதாகவே இங்கே இருக்கும். வாரம் ஒருமுறை எடுத்து வாசித்து வைப்பேன். விரல்கள் சொன்னபடி கேட்கும்போதே ஒருமுறை வந்துவிடு. மாடி காலியாகத்தான் இருக்கிறது.

கையெழுத்துப் போடப்போவதில்லை. லிசார்தோ எழுந்ததும் சொல்ல வேண்டும். முதலில் உனக்கே எழுதுகிறேன். நாளைய பெட்டியில் நான் எனக்கென்று செய்து பதினொரு வருடமாக வாசித்துவரும் சைப்ரஸ் மரக் கிதார் வரும். அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம். கொஞ்சம் வெடுக்கென்று பேசும். மே மாதத்துக்குள் பழக்கிக்கொள்.

உன் கைகளுக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

உன்
ரெமேதியோஸ்