திறந்திருந்த மாடிக் கதவு

ஏனுங்க,

நேற்று நம் கோயமுத்தூர் வீட்டுக்கு டிஷ் மாட்ட ஒருவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "மாடிக்கு எப்படிப் போறதுங்க?" என்றார். உள்ளே படி இருக்கிறது என்றேன். நடு வீட்டுக்குள் நடந்து, சாமி படங்களைத் தாண்டி, விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! அவர்மேல் என்ன கோபம், உங்கள்மேல்தான். போய்ச் சேர்ந்து இரண்டு வருடமான புருஷன்மேல் இப்படிக் கோபம் வருமா என்று கேட்காதீர்கள். வருகிறது.

கோபிசெட்டிபாளையத்தில் ரேடியோ வேலை பழகி, நம் ஊர்ப்பக்கம் முதன்முதலாக ஆன்டெனா மாட்டத் தெரிந்த ஆள் நீங்கள். ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த பண்ணாடி வீட்டில் டிவி வாங்கியதும் உங்களைத்தான் கூப்பிட்டார்கள். நம் அப்பன் பாட்டன் எல்லாம் அவர்கள் காட்டில் பாடுபட்டவர்கள். அந்த வீட்டு மாடிப்படி பூசையறையை ஒட்டிப் போகும். அதனால் உங்களுக்கு வெளிச்சுவரில் மூங்கில் ஏணியைச் சாத்தினார்கள். குழாயையும் ஒயரையும் தோளில் போட்டுக்கொண்டு அதில் ஏறினீர்கள்.

"தெரியுதுங்களா?" என்று மேலிருந்து நீங்கள் கத்தினீர்கள்.

"புள்ளி புள்ளியா இருக்குது. இன்னுங் கொஞ்சம் கொடைக்கானல் டவர் பக்கமாத் திருப்புடா!" என்றான் கீழே நின்ற பண்ணாடி மகன். உங்களைவிட எட்டு வயது சின்னவன்.

"செரிங்க, செரிங்க."

வாசல் மண்ணில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்றைக்கு அந்த 'டா' உறைக்கவே இல்லை. என் வீட்டுக்காரர் திருப்பினால்தான் ஊருக்கே படம் தெரியும் என்று பெருமை பிடிபடவில்லை.

படம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலச் சினிமா. வாசல் கொள்ளாத கூட்டம். பண்ணாடிச்சி வந்து, "அந்த ஏணிய எடுத்துப் போடுங்க, புள்ளைக ஏறிப்போடும்" என்றார். எடுத்துப் போட்டார்கள். மேலே ஒரு மனுஷன் இருப்பது யாருக்கும் நினைவில்லை. எனக்கும் இல்லை. வேறு வேலைக்குக் கிளம்பியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு, தமாஷ் வந்த இடத்திலெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தேன்.

படம் முடிந்து கூட்டம் எழுந்த பிறகுதான் உங்கள் குரல் வந்தது. "ஏனுங்க, ஏணியக் கொஞ்சம் வெக்கறீங்களா?"

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "மாடிக் கதவு சாத்தியிருந்துச்சுங்களா?"

"தொறந்துதான் இருந்துச்சு அம்மணி."

"அப்பறம் எறங்கி வாரதுக்கென்ன?"

"அது அவங்க பொழங்கற படி. படம் பாக்கறப்பக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு இருந்துட்டேன்."

திறந்த கதவுக்கு முன்னால் மூன்று மணி நேரம்! ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல்! ஊருக்கே படம் காட்டிய ஆள் ஒருவர்தான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அதைப் பொறுமை என்று நீங்கள் சொல்வீர்கள். பயம் என்று நான் சொல்வேன். அந்தப் பயத்தை வைத்தவர்கள்மேல் உள்ள கோபம் தனி, அது ஆறப்போவதில்லை. ஆனால் நீங்கள் என் பேரைச் சொல்லியாவது ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம் இல்லையா?

உங்கள் சாவுக்கு அந்தப் பண்ணாடி மகன் வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "தங்கமான மனுசனுங்க. ஒரு நாளும் எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்லீங்க" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நம் மகளும் ஆட்டினாள்.

"பேசியிருக்கோணுமுங்க" என்றேன்.

அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முழித்தார். "அப்படியா நடந்துச்சுங்க? எனக்கு நாவகமே இல்லீங்க" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை.

அவர் மறந்துவிட்டார், நீங்களும் போய்விட்டீர்கள். இனி அந்த மூன்று மணி நேரத்தை வைத்திருக்க நான் ஒருத்திதான். விடமாட்டேன். கீழே உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.